அச்சு முறிந்தால்?

மாட்டு வண்டியில் போகிறவனுக்குக் குதிரை வண்டியைக் கண்டால் பொறாமை. குதிரை வண்டிக்காரனுக்கு மோட்டாரைக் கண்டால் பொறாமை. மோட்டாரில் போகிறவன் யாரைக் கண்டு பொறாமைப்படுகிறான் என்று கேட்கிறீர்களா? பக்கத்தில் வரும் இன்னொரு மோட்டாரைக் கண்டுதான்!

இந்தப் பொறாமையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டவர்கள் அமெரிக்கர்கள். அந்தத் தேசத்தில் 'டிராக் ரேஸ்' என்று ஒரு பந்தயம் உண்டு. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் புறப்படும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. நேர்கோடாகக் கால் மைல், அதாவது 1,320 அடி தூரம். யார் முந்தி எல்லைக் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு ஜயம். டம்ளரில் ஊற்றிய காபி ஆறுவதற்குள் பந்தயம் முடிந்து, ஜனங்கள் அடுத்த ஜோடியைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள்.

இந்தப் பந்தயங்களில் மிக உயர்ந்த வகுப்புக்கு 'டாப் ஃபூயல்' என்று பெயர். அந்தக் கார்களின் எஞ்சினுக்குச் சுமார் 11,000 குதிரைச் சக்தி என்று மதிப்பிடுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டுவதற்கு அவற்றுக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். 1992-ஆம் ஆண்டில் கென்னி பெர்ன்ஸ்டைன் என்பவர் மணிக்கு 300 மைல் என்ற எல்லையைத் தாண்டிக் காட்டினார். ஆனால் பந்தயத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட மகா வீரர்கள் அல்ல. வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் வீட்டுக் கொட்டகையில் தாங்களே செப்பனிட்ட பழைய காரை ஓட்டிக்கொண்டு வரும் ஸாமான்ய மனிதர்கள். இந்தக் கட்டுரையில் நாம் கவலைப்படப் போவது அவர்களைப் பற்றித்தான்.

அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்வார்கள். பார்க்க வந்தவர்களும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். காரின் பின்புறத்தில், இருட்டில், எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கும் ஓர் இரும்புத் தண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்குப் பெயர் அச்சு. பட்டறைக்காரர்கள் பாஷையில் ஆக்ஸில். எஞ்சின் கெட்டுப் போனால் பெரும்பாலும் பணத்துக்குத்தான் நஷ்டம். அச்சு முறிந்தால் என்ன நஷ்டம் என்பது வேறு கணக்கு.

வழுக்கல் என்னும் கருணை

கணக்கு என்று சொன்னோம் அல்லவா? கொஞ்சம் கணக்கே போட்டுப் பார்ப்போம். ஒரு காரின் எஞ்சின் 500 ராத்தல்-அடி முறுக்கு விசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை இரண்டரை மடங்காக்குகிறது. பின்னால் உள்ள கிரவுன் சக்கரமும் பினியனும் அதை மேலும் நான்கு மடங்காக்குகின்றன. மொத்தம் 5,000. இதை இரண்டு சக்கரங்களுக்கும் பங்கு போட்டால், ஒவ்வோர் அச்சுக்கும் 2,500. ஓர் அடி நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஒரு சின்னக் காரையே தொங்கவிட்டால் எப்படி முறுக்குமோ, அப்படி முறுக்குகிறது. அந்த முறுக்கைத் தாங்க வேண்டிய தண்டின் பருமனோ, அநேக கார்களில் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று முன்பின்னாக இருக்கும்.

அப்படியானால் சாதாரணத் தெருவில் அச்சுக்கள் ஏன் தினந்தோறும் முறிவதில்லை? டயர் வழுக்குவதால்தான். அளவு மிஞ்சிய விசை வந்தால் டயர் பிடியை விட்டுவிட்டுச் சும்மா சுற்றும். அச்சு பிழைத்துப் போகும். அந்த வழுக்கல்தான் அச்சுக்குக் கிடைத்த கருணை.

பந்தயக்காரன் செய்வது என்ன? முதலில் அந்தக் கருணையை ஒழித்துக் கட்டுகிறான்! வரியில்லாத அகலமான 'ஸ்லிக்' டயரைப் பூட்டுகிறான். புறப்படுமுன் அதைச் சுழலவிட்டுப் புகை கிளம்பும்படி சூடாக்கி, பசை ஏற்றுகிறான். தரையிலும் பிசின் போன்ற ஒரு திரவத்தைத் தெளித்து வைத்திருக்கிறார்கள். ரப்பர் செருப்போடு நடந்தால் செருப்பு தரையோடு நின்றுவிடும் போலிருக்கும். டயர் இனி வழுக்காது. ஆகவே வருகிற விசை முழுவதும் அச்சின் தலையில் விழுகிறது.

விசையின் அளவைவிட அது வந்து விழும் விதம் கொடுமையானது. கிளட்சைச் சட்டென்று விட்டுப் புறப்படும் வண்டியில், சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சின் முழுவதும் ஒரு சம்மட்டி அடியாக அச்சின்மேல் இறங்குகிறது. ஆட்டோமாட்டிக் கியர் உள்ள வண்டியில் எண்ணெய் வழியாக வரும் விசை சற்று மெத்தென்று இறங்கும். அதனால், குறைந்த சக்தியுள்ள கார் அச்சை முறித்துக்கொள்வதும், அதிக சக்தியுள்ள கார் சௌக்கியமாகப் போய்ச் சேருவதும் உண்டு. குதிரைச் சக்தியை மட்டும் கேட்டு அச்சின் ஆயுளை ஜோஸ்யம் சொல்ல முடியாது.

பருமனும் பலமும்

தண்டைப் பருமனாக்கினால் பலம் கூடும் என்பது குழந்தைக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்பதுதான் ரஸமான விஷயம். முறுக்கைத் தாங்கும் பலம், விட்டத்தை மூன்று முறை பெருக்கினால் வரும் கணக்கில் ஏறுகிறது. 1.2 அங்குல அச்சை எடுத்துவிட்டு 1.5 அங்குல அச்சைப் போட்டால், பருமன் கூடுவது கால் பங்குதான். பலமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. பந்தயக்காரர்கள் இதை அச்சின் உள்முனையில் வெட்டியுள்ள 'ஸ்பிளைன்' பற்களை எண்ணிச் சொல்வார்கள். 28 பல் என்றால் மெல்லிய அச்சு; 31 என்றால் நடுத்தரம்; 35 என்றால் ஒன்றரை அங்குல அச்சு.

இன்னொரு வேடிக்கை. முறுக்கு விசை தண்டின் வெளிப்புறத்தைத்தான் அதிகம் வருத்துகிறது. நடு மையத்துக்கு அவ்வளவாக வேலையில்லை. ஆகையால் எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள் அச்சின் நடுவே, துப்பாக்கிக் குழல்போல, நெடுகத் துளை போட்டுவிடுகிறார்கள். விட்டத்தில் பாதி அளவுக்குத் துளைத்தால் எடையில் கால் பங்கு போய்விடும். பலத்தில் போவது பதினாறில் ஒரு பங்குதான். ஆனால் அதே காரணத்தினால், அச்சின் மேற்பரப்பில் விழும் ஒரு சின்னக் கீறல்கூட யமனுக்கு எழுதிய கடிதமாகும்.

இதை நாம் புஸ்தகத்தில் படித்ததோடு நிற்கவில்லை. ஒரு லாரிப் பட்டறையில் முறிந்த ஆக்ஸில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தோம். முறிந்த முகத்தில் ஒரு மூலை மட்டும் வழவழப்பாக இருந்தது. அதில் கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற வரிகளைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய வரிகள். மற்றப் பகுதி உடைத்த கற்கண்டு போல் சொரசொரவென்று இருந்தது. "இது இன்றைக்கு முறிந்தது இல்லை, ஸார்! ரொம்ப நாளாய் முறிந்துகொண்டே இருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது" என்றார் மேஸ்திரி. பெரிய பெரிய இஞ்சினீயர்கள் 'உலோகச் சோர்வு' என்று சொல்வதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று நமக்குத் தோன்றியது.

அங்கே இன்னோர் அதிசயமும் கண்டோம். சரக்கு ஏற்றிய லாரி நாலு சக்கரத்திலும் நின்றுகொண்டிருக்க, மேஸ்திரி வெளியே இருந்த போல்ட்டுகளைக் கழற்றி, உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் ஆக்ஸிலை உருவி எடுத்தார்!

"ஜாக்கி வைக்க வேண்டாமா, மேஸ்திரி? சக்கரம் கழன்று விழாதோ?" என்று கேட்டோம்.

"விழாது, ஸார்! வண்டியைச் சுமக்கிறது ஹவுசிங். ஆக்ஸிலுக்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான். கட்டானாலும் வண்டி நிற்குமே ஒழிய சக்கரம் எங்கேயும் போகாது" என்றார்.

கொக்கி இருக்கும் இடம்

லாரிக்கு இருக்கும் இந்தப் பாக்கியம் அநேக கார்களுக்கு இல்லை. பின் சக்கரங்கள் ஒரே அச்சுக் கூட்டில் அமைந்த கார்களில் பெரும்பாலானவற்றில், ஒரே தண்டு இரண்டு வேலையும் பார்க்க வேண்டும்: வண்டியைச் சுமக்கவும் வேண்டும், சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும். சக்கரமே அந்தத் தண்டின் வெளிமுனையில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. சரி, அந்தத் தண்டு சக்கரத்தோடு வெளியே நழுவி வராமல் பிடித்துக்கொண்டிருப்பது எது?

அச்சாணி இல்லாத தேர் ஓடாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். மாட்டு வண்டியில் அந்த ஆணி சக்கரத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிய இருக்கிறது. ஃபோர்டு கம்பெனியார் 1957-ஆம் ஆண்டு மாடல்களில் கொண்டுவந்த, '9 அங்குலம்' என்று பெயர் பெற்ற பின் அச்சுக் கூட்டில், அச்சின்மேல் இறுக்கிய பேரிங்கை ஒரு தகடு அடக்கிப் பிடிக்கிறது. அந்தத் தகடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் லக்ஷக்கணக்கில் ஓடிய வேறு பல கார்களில் ஏற்பாடு வேறு. அங்கே அச்சின் உள்முனையில், டிபரென்ஷியலுக்குள்ளே, ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஆங்கில 'சி' எழுத்தைப் போன்ற ஓர் இரும்புக் கொக்கி. அவ்வளவுதான் அச்சாணி! சக்கரம் ஒரு கோடியில். ஆணி மறு கோடியில்.

அச்சு முழுதாக இருக்கும் வரையில் இதில் குற்றம் ஒன்றும் இல்லை. தெருவில் சாதுவாகப் போகும் கார் இந்தக் கொக்கியோடு ஆயுள் முழுவதும் ஓடிவிடும். ஆனால் இரண்டு கோடிக்கும் நடுவில் அச்சு எங்கே முறிந்தாலும், உள்ளே இருக்கும் கொக்கி துண்டாகிப் போன அடித்தண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சக்கரமோ, மிச்சத் தண்டோடும் பிரேக் டிரம்மோடும் வெளியே நழுவிக் கிளம்பிவிடும். கார் அந்தப் பக்கம் தரையில் விழும். பிரேக் குழாய் அறுந்தால் பிரேக் போகும். இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டியிருந்தால், முறியாத சக்கரம் மட்டும் உந்த, கார் ஒரு புறமாக இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் வருகிறவனுக்கோ, வேலிக்கு அப்பால் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் தகப்பனுக்கோ, எஜமானில்லாமல் உருண்டு வரும் அந்தச் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது.

வெர்சேல்ஸ் ரயில்

மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு தாங்காது என்று வள்ளுவர் எச்சரித்து வைத்தார். அளவுக்குள் இருக்கும் பாரமும் திரும்பத் திரும்ப வந்தால் அச்சை முறிக்கும் என்பதை உலகம் அறிந்தது சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில்தான். அதற்கு வித்திட்டது ஒரு கோர சம்பவம்.

1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி, பிரான்ஸ் தேசத்தில் வெர்சேல்ஸ் நகரத்து விழாவைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பாரிஸுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் எஞ்சினின் அச்சு முறிந்தது. எஞ்சின் சாய்ந்தது, வண்டிகள் அதன்மேல் ஏறின, நெருப்புப் பற்றிக்கொண்டது. ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். தென்துருவக் கடல்களை ஆராய்ந்து புகழ் பெற்ற மாலுமி த்யூமோன் த்யூர்வில், மனைவியோடும் மகனோடும் அதில் மாண்டார். அச்சு முறிந்ததனால் மட்டும் அவர்கள் இறந்தார்களா? இல்லை. பிரயாணிகள் இறங்கிவிடாதபடி வண்டிக் கதவுகளைப் பூட்டி வைப்பது அக்காலத்து வழக்கம். பூட்டிய கதவுக்குப் பின்னால் அவர்கள் வெந்து போனார்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. அச்சு ஏன் முறிகிறது என்று அறிஞர்கள் ஆராயப் புகுந்தார்கள். 1843-ல் ஸ்காட்லாந்துக்காரரான ராங்கின், அச்சில் பருமன் மாறும் இடத்தைக் கூர் மூலையாக விடாமல் வளைவாகக் கடைய வேண்டும் என்று எடுத்துக் காட்டினார். ஜெர்மானிய ரயில்வே இஞ்சினீயர் வோலர் வருஷக்கணக்காக அச்சுக்களைச் சுழற்றி வளைத்துச் சோதித்து, உலோகச் சோர்வின் விதிகளைக் கண்டார். இது ஒரு காரியம். பிரான்ஸில் கதவைப் பூட்டும் வழக்கத்தை விட்டார்கள். இது மற்றொரு காரியம். முதலாவது, அச்சு முறியாமல் இருப்பதற்கு. இரண்டாவது, முறிந்தாலும் மனிதன் பிழைப்பதற்கு. இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. நாம் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

பருமனான அச்சை வாங்கிப் போட்டுவிட்டு "இனி முறியாது" என்று மார் தட்டுகிறவன் பாதி வேலைதான் செய்திருக்கிறான். அலாய் எஃகால் செய்த ஒன்றரை அங்குல அச்சும் ஒரு நாள் முறியலாம். அன்றைக்குச் சக்கரம் எங்கே இருக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அச்சின் பலம் அல்ல, அச்சாணியின் இடம்.

தமக்குத் தாமே விதித்த விதி

அமெரிக்கப் பந்தயக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். 'தேசிய ஹாட் ராட் சங்கம்' என்ற அவர்களுடைய சங்கத்தின் விதிப்படி, கால் மைலை 10.99 விநாடியிலோ அதற்குக் குறைவாகவோ கடக்கும் காருக்கும், டிபரென்ஷியலைப் பூட்டிவைத்த காருக்கும், தொழிற்சாலையில் வந்த அச்சு போதாது. தனியாகச் செய்த பலமான அச்சு வேண்டும். அச்சு வெளியே நழுவாமல் பிடிக்கும் சாதனமும் வேண்டும். டிபரென்ஷியலின் பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிப் பூட்டுவது அடியோடு கூடாது. 10.99 விநாடி என்றால் எல்லைக் கோட்டில் காரின் வேகம் மணிக்குச் சுமார் 120 மைல் இருக்கும். 'சி' கொக்கியை எடுத்துவிட்டுச் சக்கரத்தின் பக்கத்திலேயே அச்சைப் பிடிக்கும் ஏற்பாடு செய்யலாம். அல்லது லாரியைப்போல், சக்கரம் ஹவுசிங்கின் மேலேயே நின்று சுற்றும்படி அமைத்துவிடலாம்.

இதே புத்திசாலித்தனத்தை வேறு விதிகளிலும் காண்கிறோம். கியர்ப் பெட்டியிலிருந்து பின்னால் ஓடும் நீண்ட தண்டின் முன் மூட்டு முறிந்தால், தண்டு தரையில் குத்திக் காரையே தூக்கி எறிந்துவிடும். அதனால் அதைச் சுற்றி ஓர் எஃகு வளையம் போடச் சொல்கிறார்கள். சக்கரத்தின் நட்டுக்குள் ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை ஏறியிருக்க வேண்டும் என்கிறார்கள். 1970-ல் டான் கார்லிட்ஸ் என்ற மகா வீரர் ஓட்டிய காரின் கியர்ப் பெட்டி வெடித்து, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பந்தயத்தை விட்டு ஓடவில்லை. எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு காரைக் கட்டி, 1971-ல் அதை ஓட்டி ஜயித்தார். அந்த வகுப்பில் மற்றவர்களும் அவரைப் பின்பற்றினார்கள். 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் பந்தயத்தில் உயிரிழந்தபின், மிக வேகமான வகுப்புக்களுக்குத் தூரத்தையே 1,000 அடியாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு மனிதனுடைய ரத்தம் இருக்கிறது.

நம்மை முக்கியமாகக் கவர்ந்தது, இந்த விதிகளைச் செய்தவர்கள் யார் என்பதுதான். இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் தெற்குக் கலிபோர்னியாவில் வாலிபர்கள் பொதுத் தெருக்களில் பந்தயம் விட்டு ஊரார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். அவர்களை அடித்து விரட்ட வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. 1950-ல் ஸான்டா ஆனா என்ற ஊரின் விமானத் தளத்தில் தடம் அமைத்து முறையான பந்தயம் தொடங்கினார்கள். 1951-ல் வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகாசிரியர் மேற்சொன்ன சங்கத்தை ஸ்தாபித்தார். 1953-ல் போமோனாவில் அதன் முதல் பந்தயம் நடந்தது. 1954-ல் ஒரு சிறு கோஷ்டியார் காரில் தேசமெங்கும் சென்று ஊர் ஊராக வாலிபர்களுக்குப் பாதுகாப்பான பந்தயமுறையைக் கற்றுக் கொடுத்தார்கள். வேகத்தில் வெறி கொண்ட பிள்ளைகளே வேகத்துக்கு வரம்பு கட்டினார்கள்.

சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை உண்டா? பிறர் பூட்டிய விலங்கை உடைப்பது அதில் பாதி. தன் காலுக்குத் தானே கோடு கிழித்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டாமல் நிற்பது மறு பாதி. முதல் பாதியை நம் முன்னோர்கள் செய்து கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் பாதி நம்முடையது.

நம் நகரங்களிலும் நள்ளிரவில் அகன்ற சாலைகளில் மோட்டார் சைக்கிள்களின் உறுமல் கேட்கிறது. வீட்டில் தாயார் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையின் வேகத்தைத் திட்டி மட்டும் பயனில்லை. வேகத்துக்கு ஓர் இடமும் ஒரு விதியும் வேண்டும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. இத்தகைய இடங்கள் பெருக வேண்டும். அங்கே போகும் பிள்ளையிடம் பெரியவர்கள் "உன் வண்டி எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு வேறொன்று கேட்கலாம்.

"தம்பி, உன் வண்டியில் எது முதலில் முறியும்? அது முறிந்தால் நீ என்ன ஆவாய்?"

இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லக் கூடிய பிள்ளை தாராளமாக வேகமாய்ப் போகட்டும். பதில் தெரியாதவன், தெரிந்துகொண்டு வரும் வரையில் வண்டியை நிறுத்தி வைக்கட்டும்.